வகுப்புக்கு வர மறுக்கும் உரிமை யாருக்கு இருந்தது?

2021-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி, திங்கட்கிழமை. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து, இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆரம்பப் பள்ளிகள் அன்று காலை திறக்கப்பட்டன. அன்றிரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் தோன்றிய பிரதமர் போரிஸ் ஜான்சன், மறுநாள் முதல் பள்ளிகள் மூடப்படும் என்று அறிவித்தார். அதற்கு முந்தைய நாள்தான், பள்ளிகள் பாதுகாப்பானவை என்பதில் தமக்கு ஐயமில்லை என்றும், பெற்றோர் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம் என்றும் அவர் கூறியிருந்தார்.

ஒரே நாள் திறந்து மூடப்பட்ட அந்தப் பள்ளிகள், பெருந்தொற்றுக் காலத்து அரசியல் குழப்பத்துக்கு ஓர் உதாரணமாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகின்றன. ஆனால் அந்த இரண்டு மூன்று நாட்களில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. ஆபத்து இருப்பதாகத் தாம் நம்பும் ஓர் இடத்துக்கு வேலைக்கு வர மறுக்கும் உரிமை ஓர் ஆசிரியருக்கு உண்டா? உண்டென்றால், அது எல்லா ஆசிரியர்களுக்கும் உண்டா?

இந்தக் கேள்விக்கு அன்று கிடைத்த விடை, ஆசிரியரின் உடல்நிலையையோ பள்ளியின் நிலைமையையோ மட்டும் பொறுத்ததாக இருக்கவில்லை. அவருடைய வேலை ஒப்பந்தம் எத்தகையது என்பதைப் பொறுத்ததாகவும் இருந்தது.

மோதலின் பின்னணி

2020 மார்ச் 20-ஆம் தேதியுடன் இங்கிலாந்தின் பள்ளிகள் முதன்முறையாக மூடப்பட்டன. மருத்துவமனை ஊழியர்கள் உள்ளிட்ட அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும், சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளுக்கும் மட்டும் அவை தொடர்ந்து இயங்கின. ஜூன் 1-ஆம் தேதி சில வகுப்புகள் திறக்கப்பட்டபோதும், ஆரம்பப் பள்ளி மாணவர் அனைவரையும் கோடை விடுமுறைக்கு முன்னர் அழைக்கும் திட்டத்தை அரசு கைவிட நேர்ந்தது. செப்டம்பரில்தான் அனைவரும் திரும்பினர்.

அவ்வாண்டு இறுதியில், வேகமாகப் பரவும் புதிய வகை வைரஸ் தென்கிழக்கு இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. தொற்று பெருகுவதைக் கண்ட லண்டனின் கிரீனிச் உள்ளாட்சி மன்றம், விடுமுறைக்குச் சில நாட்கள் முன்னதாகவே நேரடி வகுப்புகளை நிறுத்துமாறு தனது பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. அப்போதைய கல்வி அமைச்சர் கெவின் வில்லியம்சன், 2020-ஆம் ஆண்டின் கொரோனா வைரஸ் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு பள்ளிகளைத் திறந்து வைக்க உத்தரவிட்டார். வழக்கு வரும் என்ற நிலையில் மன்றம் பணிந்தது.

ஆனால் டிசம்பர் 22-ஆம் தேதி கூடிய அரசின் அறிவியல் ஆலோசனைக் குழு வேறொரு கருத்தைக் கொண்டிருந்தது. பள்ளிகள் திறந்திருந்த நவம்பர் மாதத்துக் கட்டுப்பாடுகள் மட்டும் புதிய வகை வைரஸின் பரவலைக் கட்டுக்குள் கொண்டுவரப் போதுமானவையாக இருப்பது மிகவும் ஐயத்துக்குரியது என்று அது மதிப்பிட்டிருந்தது. அந்தக் குறிப்புகள் ஆண்டின் இறுதியில் வெளியானபோது, ஆசிரியர் சங்கங்களின் கையில் ஒரு வலுவான ஆதாரம் சேர்ந்தது.

வேலைநிறுத்தம் ஏன் இல்லை?

இத்தகைய நிலையில் ஒரு தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தை நாடும் என்றே பலரும் எதிர்பார்ப்பர். ஆனால் அதற்கான வழி அப்போது சட்டத்தால் குறுக்கப்பட்டிருந்தது. அப்போதிருந்த சட்டத்தின்படி அஞ்சல் வழி வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. 2016-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தின்படி, அதில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டியிருந்தது. கல்வி போன்ற முக்கிய சேவைகளில், வாக்குரிமை உள்ள மொத்த உறுப்பினர்களில் 40 சதவீதத்தினரின் ஆதரவும் தேவைப்பட்டது. அதன் பின்னரும் இரண்டு வார முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. நாட்கணக்கில் பெருகும் ஒரு தொற்றுக்கு எதிராக இந்த நடைமுறை பயன்படாது.

எனவே தேசியக் கல்விச் சங்கம் வேறொரு சட்டத்தை நாடியது. நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அச்சங்கம், 1996-ஆம் ஆண்டின் வேலை உரிமைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவை ஜனவரி 2-ஆம் தேதி தனது ஆரம்பப் பள்ளி உறுப்பினர்களுக்கு நினைவூட்டியது. கடுமையான, உடனடியான ஆபத்து இருப்பதாக ஒரு பணியாளர் நியாயமாக நம்பி, அதைத் தம்மால் தவிர்க்க இயலாத நிலையில் பணியிடத்தை விட்டு விலகினாலோ திரும்ப மறுத்தாலோ, அதற்காக அவருக்கு எந்தப் பாதகமும் செய்யலாகாது என்கிறது அப்பிரிவு. அதே காரணத்துக்காக அவரைப் பணிநீக்கம் செய்தால், அது தானாகவே முறையற்ற பணிநீக்கமாகும் என்கிறது 100-ஆவது பிரிவு.

இந்தப் பாதுகாப்பு வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பொருந்தும் என்பது குறிப்பிடத்தக்கது. சாதாரணப் பணிநீக்கத்தை எதிர்த்து முறையிடுவதற்கோ அப்போது இரண்டாண்டுப் பணிக்காலம் நிறைவடைந்திருக்க வேண்டும்.

ஜனவரி 3-ஆம் தேதி சங்கம் இணையம் வழியாக நடத்திய கூட்டத்தை சுமார் நான்கு லட்சம் பேர் பார்த்ததாகக் கூறப்பட்டது. முழு வகுப்புகளுக்கு நேரில் கற்பிக்க இயலாது என்றும், வீட்டிலிருந்து கற்பிக்கவும் அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆயத்தமாக உள்ளதாகவும் தலைமை ஆசிரியருக்குத் தனித்தனியே கடிதம் அனுப்புமாறு உறுப்பினர்களுக்கு மாதிரி தரப்பட்டது. கடிதங்கள் குவிந்தன. ஆளில்லாத நிலையில் பல பள்ளிகள் திங்கட்கிழமை திறக்கவே இயலாது என்பது ஞாயிறன்றே தெரிந்துவிட்டது.

கடிதம் எழுத முடியாதவர்கள்

எனினும் அந்தக் கடிதத்தை எல்லோராலும் எழுத முடிந்திருக்கவில்லை. இங்கிலாந்தின் பள்ளிகளில், நிரந்தர ஆசிரியர் வராத நாட்களில் முகவர் நிறுவனங்கள் வழியாக நாட்சம்பளத்துக்கு வரும் பதில் ஆசிரியர்கள் உள்ளனர். லண்டன் வாழ் தமிழரிடையே 'சப்ளை டீச்சர்' என்றே இவர்கள் அறியப்படுகின்றனர். வெளிநாட்டில் பெற்ற கற்பித்தல் தகுதியுடன் பிரிட்டனுக்கு வந்தவர்கள் பலருக்குப் பள்ளிக்குள் நுழைய முதலில் கிடைக்கும் வாசலும் இதுவே.

பிரிட்டன் சட்டம் நேரடி வேலை ஒப்பந்தம் உள்ள பணியாளரையும், அத்தகைய ஒப்பந்தம் இன்றித் தம் உழைப்பைத் தருபவரையும் இரு பிரிவினராகக் காண்கிறது. 44-ஆவது பிரிவு அன்று முதலாம் பிரிவினரை மட்டுமே காத்தது. முகவர் வழி வரும் பதில் ஆசிரியர்கள் பலர் இரண்டாம் பிரிவில் அடங்குவர். வர மறுத்தால் இவர்களைப் பணிநீக்கம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. அடுத்த நாள் அழைக்காமல் விட்டாலே போதும்.

நோயுற்றாலும் இந்த வேறுபாடு தொடர்ந்தது. தேசிய அளவிலான பணி விதிகளுக்கு உட்பட்ட ஒரு நிரந்தர ஆசிரியர், நான்காவது ஆண்டுப் பணியிலிருந்து 100 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடனும், மேலும் 100 நாட்கள் அரைச் சம்பளத்துடனும் நோய் விடுப்பில் இருக்கலாம். பதில் ஆசிரியருக்குப் பொதுவாகக் கிடைத்தது சட்டப்படியான குறைந்தபட்ச நோய்க்காலப் படி மட்டுமே. 2020-21 நிதியாண்டில் அது வாரத்துக்கு 95 பவுண்ட் 85 பென்ஸ். வாரத்துக்குச் சராசரியாக 120 பவுண்டுக்குக் குறைவாக ஈட்டியவருக்கு அதுவும் இல்லை.

இருமலுடன் காலையில் எழும் இருவரில், ஒருவர் நோயைப் பரப்பாமல் வீட்டில் இருக்கலாம். மற்றவர் வாடகையை எண்ணிப் பார்க்க வேண்டும். இருவரும் செல்வது ஒரே வகுப்பறைக்குத்தான்.

பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில் சம்பளத்தின் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்ட் என்ற உச்சவரம்புடன், அரசு ஈடுசெய்யும் திட்டம் நடைமுறையில் இருந்தது. ஆனால் அதில் ஒருவரைச் சேர்ப்பதா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் முகவர் நிறுவனத்திடமே இருந்தது.

சட்டத்தில் வந்த திருத்தம்

இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியது ஆசிரியர் சங்கம் அல்ல. வாகன ஓட்டிகளையும் விநியோக ஊழியர்களையும் அங்கத்தவராகக் கொண்ட ஒரு சிறிய தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில், 2020 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையிடப் பாதுகாப்புக் குறித்த 1989-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை எல்லாத் தொழிலாளருக்கும் உரியது என்றும், அதைப் பணியாளருக்கு மட்டும் வழங்கியதன் மூலம் பிரிட்டன் அரசு தனது கடமையில் தவறிவிட்டது என்றும் நீதிமன்றம் கூறியது. அதன் விளைவாக, 2021 மே 31 முதல் 44-ஆவது பிரிவு இரண்டாம் பிரிவினருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆசிரியர்கள் கடிதம் எழுதிய ஜனவரிக்கு அது ஐந்து மாதம் பிந்தியது.

அந்தப் பிரிவும் எல்லையற்ற கேடயம் அல்ல. 2020 மார்ச்சில் லீட்ஸ் நகரத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து விலகி, பின்னர் பணிநீக்கம் செய்யப்பட்ட ஒருவரின் முறையீட்டை 2022 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிராகரித்தது. பெரிய இடத்தில் மிகச் சிலரே வேலை செய்தனர், தடுப்பு ஏற்பாடுகளும் இருந்தன என்ற நிலையில், அவ்விடத்தில் கடுமையான ஆபத்து இருந்ததாக அவர் நியாயமாக நம்பியதாகக் கொள்ள முடியாது என்பது அதன் சாரம். முப்பது பிள்ளைகள் அமரும் வகுப்பறைக்கு இதே அளவுகோல் எவ்வாறு பொருந்தியிருக்கும் என்பதைச் சோதிக்கும் தேவை, ஜனவரி 4-ஆம் தேதி இரவே அரசு பின்வாங்கியதால் பெருமளவில் எழவில்லை.

பிள்ளைகளின் தரப்பு

ஆசிரியர்களின் நிலைப்பாட்டை விமர்சித்தவர்களிடமும் வலுவான வாதங்கள் இருந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆசிரியப் பணியில் உள்ளோரின் கொரோனா இறப்பு விகிதம், அதே வயதும் பாலும் கொண்ட ஏனையோருடன் ஒப்பிடுகையில் புள்ளிவிவர அடிப்படையில் குறிப்பிடத்தக்க அளவுக்கு உயர்ந்திருக்கவில்லை என்று தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2021 ஜனவரி இறுதியில் தெரிவித்தது. ஆனால் அந்தக் கணக்கு எடுக்கப்பட்ட மாதங்களில் கணிசமான காலம் பள்ளிகள் பெரும்பாலும் மூடியே இருந்தன என்பது சங்கங்களின் பதில்.

பள்ளி மூடப்பட்டதன் சுமை வசதியற்ற வீடுகளின் மீதே அதிகம் விழுந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தொலைவழிக் கல்விக்காக 13 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அரசு வழங்க வேண்டியிருந்ததே, எத்தனை வீடுகளில் அந்த வசதி இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. 2021 மார்ச் 8-ஆம் தேதி இங்கிலாந்து எல்லா மாணவரையும் ஒரேயடியாக அழைத்தது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் பிப்ரவரி 22 முதல் இளைய வகுப்புகளில் தொடங்கிப் படிப்படியாகத் திறந்தன.

வேறு இரு இடங்களில்

வேலைப் பாதுகாப்பின் அளவு மாறும்போது ஆசிரியரின் குரல் எவ்வாறு மாறுகிறது என்பதைப் பிற நாடுகளிலும் காணலாம். அமெரிக்காவின் சிகாகோ நகரில், கூட்டுப் பேரம் பேசும் உரிமையுள்ள ஆசிரியர் சங்கம் 2022 ஜனவரியில் நேரடி வகுப்புகளுக்கு வர மறுத்து வாக்களித்தது. நகர நிர்வாகம் ஐந்து நாட்கள் வகுப்புகளையே ரத்துச் செய்தது. ஆனால் முடிவு பேச்சுவார்த்தை மேசையில் எட்டப்பட்டது. பரிசோதனை ஏற்பாடுகளும், எந்த நிலையில் ஒரு பள்ளி தொலைவழிக்கு மாறலாம் என்ற வரையறையும் எழுத்தில் வந்தன.

மறுபுறம் இந்தியாவில், குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பள்ளி மூடல் என்பதே சம்பள இழப்பாக அமைந்தது. கட்டணம் வராததால் சம்பளம் நின்றது. பலர் கூலி வேலைக்கும் சிறு வியாபாரத்துக்கும் சென்றனர். தெலங்கானா அரசு 2021 ஏப்ரலில், அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் வழங்குவதாக அறிவித்தது. இத்தகைய நிலையில் உள்ள ஓர் ஆசிரியர், தொற்று எந்த அளவில் இருந்தாலும், பள்ளி திறக்க வேண்டும் என்றே விரும்புவார். அதை அச்சமின்மை என்று கொள்ள முடியாது.

பள்ளிகளை எப்போது திறப்பது என்ற விவாதம் பெரும்பாலும் தொற்று எண்ணிக்கையையும் பிள்ளைகளின் கற்றல் இழப்பையும் வைத்தே நடந்தது. இரண்டும் அவசியமானவை. ஆனால் ஒரு வகுப்பறை பாதுகாப்பாக இல்லை என்பதை முதலில் அறியக்கூடியவர் அங்கு நிற்பவர். அதைச் சொன்னால் வேலை போகும் என்ற நிலையில் அவர் இருந்தால், அந்தத் தகவல் தலைமை ஆசிரியருக்கோ அரசுக்கோ பெற்றோருக்கோ வந்து சேர்வதில்லை. பதில் ஆசிரியரின் நோய்க்காலச் சம்பளம் அவருடைய சொந்த விவகாரமாகத் தோன்றலாம். அது அவர் முன் அமர்ந்திருக்கும் முப்பது பிள்ளைகளின் விவகாரமும் ஆகும் என்பதே அந்த ஒருநாள் பள்ளித் திறப்பு விட்டுச்சென்ற பாடம்.