‘தேவசகாயம்’ என்னும் பெயர்: துன்ப வேளையில் இறைப் பராமரிப்பு



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பக்கத்து ஊர்களில் எல்லாருடைய கண்களும் வானத்தின் மேல்தான். கரிசலில் உளுந்தும் பாசியும் மல்லியும் விதைத்தவர்களுக்கு வடகிழக்குப் பருவமழையை விட்டால் வேறு கதி இல்லை. மழை பொய்த்த ஆண்டில் வெள்ளாமை போகிறது. நகை அடகுக்குப் போகிறது. பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் போகிறார்கள். அப்போது எழும் கேள்வி இதுதான்: “சாமி, வானத்துப் பறவைகளுக்கு உணவளிக்கிற கடவுள் எங்களை மட்டும் மறந்துவிட்டாரா?”

இதற்கு நம்மிடையே இரண்டு பதில்கள் உலவுகின்றன. “எல்லாம் தலைவிதி” என்பது ஒன்று. “ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதற்குத் தண்டனை” என்பது மற்றொன்று. இவ்விரண்டும் திருச்சபையின் போதனை அல்ல.

‘பராமரிப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்மாயைப் பராமரிப்பது என்கிறோம். படுக்கையில் கிடக்கும் தாயைப் பராமரிப்பது என்கிறோம். ஒருநாள் வந்து செய்துவிட்டுப் போகும் வேலை அல்ல அது. விட்டுப் போகாமல் கூடவே இருப்பது. கடவுள் தாம் படைத்ததைக் கைவிடாமல், அதன் நிறைவை நோக்கி அன்போடும் ஞானத்தோடும் நடத்திச் செல்வதையே இறைப் பராமரிப்பு என்கிறோம். அவர் தீமையை விரும்புகிறவர் அல்லர். ஆனால் தீமையின் நடுவிலிருந்தும் நன்மையைக் கொண்டுவர வல்லவர். விதிக்கு முகம் கிடையாது. நம்மைப் பராமரிப்பவரையோ ‘தந்தையே’ என்று அழைக்கிறோம்.

இதை நம் தமிழ் மண்ணின் புனிதர் ஒருவரது வாழ்வில் காணலாம். 1712ஆம் ஆண்டு குமரி நாட்டின் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அரண்மனை அலுவலராகப் பணியாற்றினார். குடும்பத்தில் இழப்புக்குமேல் இழப்பு வந்து மனம் நொந்திருந்த காலத்தில், அவருக்கு ஆறுதல் சொன்னவர் டிலனாய் என்ற படைத்தலைவர். அந்த டிலனாய் யார்? டச்சுப் படையோடு வந்து, 1741இல் குளச்சல் போரில் தோற்று, சிறைப்பட்டவர். பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் நீலகண்டனுக்கு எடுத்துச் சொன்னது யோபுவின் வரலாறு.

இங்கே சற்று நிற்போம். தோல்வியும் சிறைவாசமும் டிலனாயின் துன்பங்கள். அந்தத் துன்பம்தான் அவரை, நொந்துபோன மற்றொருவரின் அருகில் கொண்டுவந்து சேர்த்தது. போரைக் கடவுள் விரும்பினார் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் போரில் எல்லாம் இழந்த மனிதரைக்கொண்டும் கடவுள் ஒருவரைத் தேற்றினார் என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவருக்குக் கிடைத்த பெயர் தேவசகாயம். அதாவது கடவுளின் உதவி. அந்தப் பெயரோடு அவர் அடைந்தது சுகவாழ்வா? 1749இல் கைதானார். ஏறக்குறைய மூன்றாண்டுகள் சிறையும் சித்திரவதையும். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். துப்பாக்கியிலிருந்து கடவுள் அவரைத் தப்புவிக்கவில்லை. ஆயினும் 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, திருச்சபை அதே பெயரைத்தான் உலகறியச் சொன்னது. உதவி என்பது துன்பத்திலிருந்து தப்பித்தல் மட்டுமல்ல. துன்பத்தின் முடிவுவரை கைவிடப்படாதிருத்தலும் உதவியே.

யோபு நூலிலும் இதைப் பார்க்கிறோம். ‘ஏன்?’ என்ற கேள்விக்கு யோபுவுக்கு விளக்கம் கிடைக்கவில்லை. கடவுளே அவரிடம் வந்து பேசினார். நண்பர்கள் மூவரும் ஏழு நாள் வாய்திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள். பாவக்கணக்குப் பார்க்கத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். கடவுள் கடிந்துகொண்டது கேள்வி கேட்டு அழுத யோபுவை விட, காரணம் சொல்ல வந்த அந்த நண்பர்களை. ஆகவே, கடவுளிடம் முறையிடுவது நம்பிக்கையின்மை அல்ல. சிலுவையில் ஆண்டவர் இயேசுவும் தந்தையிடம் முறையிட்டுத்தான் மன்றாடினார்.

அப்படியானால் நாம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? கண்மாய் மழையைக் கொண்டுவராது. ஆனால் வரத்துக்கால் தூர்ந்து, மடை உடைந்து கிடந்தால், பெய்த மழையும் நிற்காது. அதனால்தான் நம் முன்னோர் குடிமராமத்து என்று ஊர்கூடி மண்வெட்டி எடுத்தார்கள். இறைப் பராமரிப்பும் பெரும்பாலும் மனிதக் கைகள் வழியாகவே நம்மை வந்தடைகிறது. கடன்பட்ட குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளிச் செலவைப் பகிர்ந்துகொள்வது, துக்க வீட்டில் காரணம் பேசாமல் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து உடனிருப்பது, மனமுடைந்தவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்வது: இவையே நாம் வெட்டவேண்டிய வரத்துக்கால்.

இந்த வாரம் உங்கள் தெருவில் நொந்திருக்கும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே சென்று அமருங்கள். “கடவுள் எங்களை மறந்துவிட்டாரா?” என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு, நீங்கள் அங்கே போய் உட்கார்ந்திருப்பதே முதல் பதிலாகட்டும்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.