ஸ்பீக்கர் ஒயர் வாங்குறீங்களா? பிளேடால் சுரண்டிப் பாருங்க!

பொதட்டூர்பேட்டைக்காரர்களிடம் நூல் விஷயத்தில் யாரும் காதில் பூச்சுற்ற முடியாது. 40-ம் நம்பர் நூலைவிட 100-ம் நம்பர் மெல்லிசு என்பது தறி வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், வண்டிக்கு ஸ்பீக்கர் மாட்டும்போது மட்டும், "ஏதோ ஒரு ஒயரைப் போடுப்பா" என்று சொல்லி விடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்!

ஒயர் கேஜும் நூல் நம்பர் மாதிரிதான். நம்பர் ஏற ஏற கம்பி மெல்லிசு. 18-ஐவிட 14 தடிமன்.

செம்பா? அலுமினியமா?

பளபளப்பதெல்லாம் செம்பு அல்ல. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு போர்த்திய ஒயரும் கடையில் உண்டு. விலை குறைவு. ஆனால் அதே தடிமன் செம்பைவிட மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு. வளைத்து நிமிர்த்தினால் சீக்கிரம் ஒடியும். உறையில் 'சி.சி.ஏ.' என்று இருந்தால் அது இதுதான். ஒன்றுமே போடவில்லையா? ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். சிவப்பாகவே இருந்தால் செம்பு.

எந்த தடிமன்?

கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். 5 மீட்டர் தூரம் என்றால் போக, வர 10 மீட்டர் கம்பி. அரை சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால், சக்தியில் 9 சதவீதம் ஒயரிலேயே வீண்! ஒன்றரை சதுர மி.மீ. போட்டால் நஷ்டம் 3 சதவீதம்தான். 'ஆக்சிஜன் நீக்கிய செம்பு' என்று கூடுதல் காசு கேட்டால் மயங்க வேண்டாம். நல்ல சாதாரண செம்புக்கும் அதற்கும் மின்தடையில் வித்தியாசம் மிகச் சொற்பம்.

படகுக்கு வேறு

பழவேற்காடு, காசிமேடு பக்கம் படகில் மாட்டுகிறவர்களுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரே நல்லது. உப்புக் காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துவிடும். இந்த ஒயர் மேலே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு. அலுமினிய ஒயருக்கு நேர் எதிர்!

நெருப்பு, உஷார்!

பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரில், பேட்டரி முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் கட்டாயம். தகரத்தில் துளை போட்டு ஒயர் இழுத்தால் ரப்பர் வளையம் வையுங்கள். இல்லாவிட்டால் உராய்ந்து, மேலுறை கிழிந்து, ஷார்ட் ஆகும்.

ஆடிக் கிருத்திகைக்கு வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு திருத்தணி கிளம்புகிறவர்களே! வண்டியை எடுக்கும் முன் ஃபியூஸ் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.