உஷார்! கப்பல் உடைத்த நெஞ்சு

வாலிநோக்கம் கடற்கரையில் கப்பல் உடைத்த காலம் நினைவிருக்கிறதா? உங்கள் அப்பாவோ மாமாவோ அங்கே கேஸ் கட்டர் பிடித்தவரா? அப்படியானால் அவர் இருமலைக் கொஞ்சம் கவனியுங்கள்.

அந்தக் காலத்துக் கப்பல்களில் கொதிகலன், நீராவிக் குழாய் எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ்தான் சுற்றியிருப்பார்கள். உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நாராகப் பறக்கும். மூச்சோடு உள்ளே போனது நுரையீரலின் உறையில் தங்கி, 20 முதல் 50 வருடம் கழித்துக்கூடப் புற்றாகத் தலைகாட்டும். மீசோதீலியோமா என்பார்கள். பீடி, சிகரெட் தொடாதவருக்கும் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் கெடு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

மூச்சு வாங்கும், விலா வலிக்கும், நெஞ்சில் நீர் கட்டும். நீர் என்றாலே நம் பக்கம் முதலில் டி.பி.யைத்தான் சந்தேகிப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எடுக்க எடுக்க நீர் சேர்ந்தால் மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள். உறையிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கக் கேளுங்கள். கப்பல் வேலை பார்த்ததை நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்த உஷார், மருந்து. இந்தப் புற்றுச் செல்கள் பலவற்றுக்கு அர்ஜினைன் என்ற சத்தைச் சொந்தமாகத் தயாரிக்க வராது. ரத்தத்தில் இருக்கும் அர்ஜினைனை அழித்து அவற்றைப் பட்டினி போடும் பெகார்ஜிமினேஸ் என்ற மருந்தை ஐந்து நாடுகளில் 249 பேரிடம் சோதித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். கீமோவோடு இதையும் போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் 9.3 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள்; கீமோ மட்டும் என்றால் 7.7 மாதம். அதுவும் இந்தப் புற்றில் எபிதீலியாய்டு அல்லாத வகைக்கு. எந்த வகை என்று சொல்லவும் அந்தச் சதைப் பரிசோதனைதான் வேண்டும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் "புது மருந்து வந்தாச்சு, ஒரே கோர்ஸில் குணம், படகை வித்தாவது கட்டுங்க" என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நிஜமான சோதனையில் சோதனை மருந்துக்குக் காசு வாங்கமாட்டார்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்குவார்கள். சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் அதற்கு எண் இருக்கும். 2019 விதிகளின்படி, சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் வைத்தியமும் இழப்பீடும் நடத்துபவர் பொறுப்பு. எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் கூரை. சிமெண்ட் ஷீட் என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் இருப்பது அதே ஆஸ்பெஸ்டாஸ். அடுத்த காற்றில் உடைந்தால், வறண்ட ஷீட்டை அறுக்காதீர்கள், கூட்டிப் பெருக்காதீர்கள். தண்ணீர் விட்டு நனைத்த பிறகே கை வையுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு.