பார்வை நரம்பில் சுண்ணாம்பு மணிகள்

பார்வை நரம்பு கண்ணை விட்டுப் புறப்படும் வட்டத்தில், நூறு பேரில் 2 பேர் வரை சுண்ணாம்புச் சத்துச் சிறுமணிகளாகப் படிந்திருக்கக் காணலாம். மருத்துவர் இவற்றை 'டுரூசன்' என்பர். இளமையில் மணிகள் ஆழத்தில் புதைந்திருக்க, வட்டம் மட்டும் மேடிட்டுத் தோன்றும். மூளையில் அழுத்தம் மிகுந்தாலும் இதே தோற்றம் உண்டாகும். அதுவோ உயிருக்கே ஆபத்தானது. ஆகவே இரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. கேளா ஒலியைச் செலுத்திச் சோதித்தால், சுண்ணாம்பேறிய மணிகள் திரையில் பளிச்சென ஒளிரும். வெறும் வீக்கம் அவ்வாறு ஒளிராது.

மணிகளால் நரம்பிழைகள் நலிவுறின் பார்வைப் புலம் ஓரங்களில் மெல்லச் சுருங்கும். நடுப்பார்வை பெரும்பாலும் நிலைத்திருப்பதால் பலர் அதனை உணர்வதில்லை. மணிகளைக் கரைக்கும் மருந்தும் இன்றுவரை இல்லை. எனவே நான் வலியுறுத்துவது இதுவே: எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதென்று இருந்துவிடாமல், இக்குறையுடையோர் பார்வைப் புலத்தையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும்.