துருப்பிடிக்காது, ஆனால் அரிக்கும்

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர் முதலில் தேடுவது செந்துருவை. லோட்டஸ் எலிஸ் காரைப் பார்க்கும்போது மட்டும் அந்தக் கவலை பாதியாகக் குறைந்துவிடும். அதன் சேசிஸ் அலுமினியம், மேலுடல் கண்ணாடியிழை. இரண்டுமே துருப்பிடிக்காது என்று விற்பவர் சொல்வார். அது உண்மைதான். ஆனால் அலுமினியமும் அரிக்கும். அந்த அரிமானம் வெள்ளையாக, பெரும்பாலும் கண்ணுக்கு மறைவான இடங்களில் வரும். எந்தெந்த இடங்களில் என்பதை வேதியியல் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

பசையால் ஒட்டிய சேசிஸ்

எலிஸ் 1995-ல் பிராங்பர்ட் கார் கண்காட்சியில் அறிமுகமானது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள ஹெத்தெல் ஆலையில் 2021 வரை தயாரானது. ரிச்சர்ட் ராக்ஹாம் என்ற பொறியாளர் இதன் சேசிஸை வடிவமைத்தார். அச்சு வழியே அழுத்திப் பிதுக்கிய அலுமினியப் பெட்டிச் சட்டங்களை எபாக்சி பசையால் ஒட்டி, ஸ்க்ரூக்களால் இறுக்கியிருக்கிறார்கள். பற்றவைப்பின் வெப்பம் அலுமினியக் கலவையின் வலுவைக் குறைக்கும். பசையில் அந்தச் சிக்கல் இல்லை என்பதால் மெல்லிய உலோகமே போதுமானது. சேசிஸின் எடை வெறும் 68 கிலோ. முதல் தலைமுறைக் காரின் மொத்த எடையே சுமார் 725 கிலோதான்.

கவசமும் உப்பும்

வெட்டிய அலுமினியம் காற்றுபட்ட கணமே ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ஆனால் இறுகப் பற்றிக்கொள்ளும், கீறினாலும் மீண்டும் உருவாகும். இரும்பின் துருவோ பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடுத்த அடுக்கையும் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. இரு உலோகங்களின் ஆயுளும் இங்கேதான் வேறுபடுகிறது.

இந்தக் கவசத்தின் பகை குளோரைடு. பிரிட்டனில் பனிக்காலத்தில் சாலைகளில் பாறை உப்பைத் தூவுவார்கள். உப்புநீர் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும் என்பதால் சாலை வழுக்காது. ஆனால் சக்கரங்கள் அந்தக் கரைசலை வாரி சேசிஸின் அடியில் இறைக்கின்றன. குளோரைடு அயனிகள் படலத்தைத் துளைத்து உலோகத்தில் சிறு குழிகளைப் பறிக்கின்றன.

எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் தேங்கினால் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒரு மின்கலமே உருவாகிவிடும். எலெக்ட்ரான்களை எளிதில் இழப்பது அலுமினியம் என்பதால் அதுதான் கரையும், எஃகு பிழைத்துக்கொள்ளும். கரைந்த அலுமினியம் வெள்ளை ஹைட்ராக்சைடாக மாறும்போது பழைய உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால் இணைப்புகள் பிளந்து தூக்கும். போல்ட்டுகள் கழற்ற முடியாதபடி இறுகிப்போகும்.

எங்கே பார்க்க வேண்டும்?

ஆகவே பளபளப்பான திறந்த பரப்பில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. அங்கே தெரியும் சாம்பல் மங்கலும் சிறு வெண்புள்ளிகளும் பெரும்பாலும் அழகைக் கெடுப்பவை மட்டுமே. கண் போக வேண்டியது இரு உலோகங்கள் சந்திக்கும் இடங்களுக்கும் ஈரம் தங்கும் மூலைகளுக்கும்தான்.

காரை லிஃப்டில் ஏற்றி, எஞ்சினுக்குக் கீழே மூடியிருக்கும் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அங்கே துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டம் ஒன்று அலுமினிய சேசிஸோடு போல்ட்டால் பிணைந்திருக்கும். துத்தநாகத்தின் மின்னழுத்தம் அலுமினியத்துக்கு நெருக்கமானது. எனவே பூச்சு இருக்கும்வரை இரு உலோகங்களும் சமாதானமாக இருக்கும். அந்தச் சட்டத்தில் செந்துரு தெரிந்தால் பூச்சு அழிந்துவிட்டது என்று பொருள். சேசிஸோடு அது சேரும் விளிம்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்து, சஸ்பென்ஷன் கைகள் பொருந்தும் இடங்கள். போல்ட், ஸ்க்ரூ தலைகளைச் சுற்றி வெண்பொடி கசிகிறதா, பரப்பு கொப்பளித்திருக்கிறதா என்று கவனியுங்கள். எது எஃகு என்று சந்தேகம் வந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். அலுமினியத்தில் அது ஒட்டாது.

பிறகு காருக்குள் வாருங்கள். துணிக்கூரை வழியே மழைநீர் இறங்குவது இந்தக் காரில் வழக்கம். கார்பெட்டைத் தூக்கித் தரையைத் தடவிப் பாருங்கள். நனைந்த கார்பெட் ஈரத்தை வாரக்கணக்கில் தரையோடு சேர்த்து அழுத்தி வைத்திருக்கும். சீட் போல்ட்டுகளைச் சுற்றிலும் பாருங்கள். கடைசியாக, ஒட்டிய இணைப்புகளின் விளிம்பை ஓரத்திலிருந்து கவனியுங்கள். பசைக்கோட்டில் விரிசலோ வெண்மையோ இருக்கக் கூடாது.

சான்றிதழ் போதுமா?

பிரிட்டனில் கார்களுக்கு எம்ஓடி என்ற ஆண்டுச் சோதனை உண்டு. அதன் பழைய முடிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அரிமானம் பற்றிய எச்சரிக்கைக் குறிப்புகளைத் தவறாமல் படியுங்கள். ஆனால் சோதிப்பவர் மூடிகளைக் கழற்றக் கூடாது என்பது விதி. ஆகவே தகட்டுக்கு மேலே இருப்பதைச் சான்றிதழ் சொல்லாது.

பார்த்தபின் முடிவெடுக்க ஒரு அளவுகோல் உண்டு. கழற்றி மாற்றக்கூடிய எஃகு பாகம் துருப்பிடித்திருந்தால் செலவைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள். அரிமானம் சேசிஸின் ஒட்டிய இணைப்புக்குள் போயிருந்தால் வேண்டாம். அங்கே பற்றவைத்தால் பசையும் கெடும், அலுமினியத்தின் வலுவும் கெடும். முழுச் சேசிஸையும் மாற்ற வேண்டி வந்தால் செலவு காரின் விலையையே மிஞ்சக்கூடும். விற்பவர் தகட்டைக் கழற்ற மறுத்தாலும் வேறு காரைத் தேடுவதே நல்லது.