தொழிற்சங்கத் தலைவர்க்கு ஊதியம் தகுமா?

தொழிற்சங்கத் தலைவர்க்கு நல்லூதியமும் ஓய்வூதியமும் தகுமோ என்னும் வினா எழுந்தால், நம்மவர் உடனே திரு.வி.க.வை நினைப்பர். 1918 ஏப்ரல் 27இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்திற்கு வாடியாவும் அவரும் உழைத்தது கூலிக்காக அன்று. ஆயினும் அவ்விருவர்க்கும் வேறு பணிகள் இருந்தன என்பதை மறத்தல் ஆகாது. ஆலையில் நாள் முழுதும் நின்று உழைப்பவன் தலைவனானால், அவன் குடும்பத்தை யார் காப்பது? ஊதியமில்லாத் தலைமை நாளடைவில் வசதி படைத்த வெளியாரின் தலைமையாகவே முடியும்.

1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் இதனை உணர்ந்திருந்தது. பொதுநிதியைச் செலவிடத்தக்க இனங்களைக் கூறும் அதன் 15ஆம் பிரிவு, நிருவாகிகளின் சம்பளத்தையும் படியையுமே முதலில் வைத்தது. சட்டம் தடுக்கவில்லை, பணந்தான் இல்லை. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரும் ஆலைத் தொழிலாளியின் குறைந்த அளவுச் சந்தா ஆண்டுக்கு 12 ரூபாய் என்றே இருந்தது. ஆயிரவர் சேர்ந்தாலும் திங்களுக்கு ஆயிரம் ரூபாய்! சங்க அலுவலகத் தேநீருக்கே அது காணாது.

அமெரிக்க நிலை வேறு. அங்குப் பெருஞ்சங்கத் தலைவர் நிறைந்த ஊதியம் பெறுவர். 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தொகை யாவரும் காண வெளியிடப்படும். அவ்வாறிருந்தும் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர் இருவர், சங்கப் பணத்தில் உல்லாச மாளிகையும் சுருட்டும் கோல்ஃப் ஆட்டமும் துய்த்த குற்றத்திற்காக 2021இல் சிறைத்தண்டனை பெற்றனர். அவர்களைக் கெடுத்தது அறிவிக்கப்பட்ட ஊதியம் அன்று. மாநாட்டுச் செலவென்று கணக்கில் மறைத்த சலுகைகளே.

எனவே திறன்மிக்க தொழிலாளி பெறும் ஊதியமும் ஓய்வூதியமும் தலைவர்க்கும் இருக்கட்டும். தொகையை உறுப்பினரே வாக்களித்து முடிவு செய்யட்டும். காரும் விருந்தினர் மாளிகையும் வேண்டா. அவற்றை ஆலை நிருவாகமே முன்வந்து அளிக்கும் இடங்களும் உண்டு.