கொல்லைப்புறத்தில் ஓர் இயந்திரம்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பொழுது விடிவதற்குள் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்ததுடன், டெல்டாவிலும் அதை அடுத்த மாவட்டங்களிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களை முறித்துப் போட்டுச் சென்றது. உட்கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்த அந்நாட்களில், வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றிக் குடங்களை நிரப்பிக்கொண்ட ஊர்மக்கள், குடிக்கும் தண்ணீரே மின்சாரத்தை நம்பியிருக்கிறது என்பதைப் பிரத்தியட்சமாக உணர்ந்தார்கள். ஆகவே ஐப்பசி பிறந்து வானம் இருண்டால், கையால் தூக்கத்தக்க சிறு ஜெனரேட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது என்ற எண்ணம் டெல்டாவில் எழுவது இயல்பே. அவ்வெண்ணத்தில் தவறில்லை. ஆனால் எந்தக் கம்பெனி, என்ன விலை என்று விசாரிப்பதற்கு முன்னால், இதை நம் வீட்டில் எங்கே வைக்கப் போகிறோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளாதவர், பணத்தோடு பிராணனையும் அபாயத்தில் வைக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெயரால் நேரும் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். நம் பக்கத்தில் ‘இன்வர்ட்டர்’ என்றால் பாட்டரியோடு கூடத்தில் சத்தமின்றிக் கிடக்கும் பெட்டியையே எல்லாரும் நினைக்கிறார்கள். ‘இன்வர்ட்டர் ஜெனரேட்டர்’ என்பது அதுவன்று. அது பெட்ரோலை எரித்துப் புகை கக்கும் ஓர் எஞ்சின். சாதாரண ஜெனரேட்டரில், மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கவேண்டும் என்பதற்காக, ஒரே ஒரு விளக்கு எரிந்தாலும் எஞ்சின் பொதுவாக நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியே தீரவேண்டும். இன்வர்ட்டர் வகையிலோ, எஞ்சின் தரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பின்பு மின்னணுச் சுற்றின் மூலம் ஒழுங்கான 230 வோல்ட் அலையாக மாற்றித் தருவதால், சுமை குறைந்தால் எஞ்சினும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். எண்ணெய் மிச்சம், சத்தம் குறைவு, கணினிக்கும் மருத்துவச் சாதனங்களுக்கும் ஏற்ற மின்சாரம். இவை மெய்யான நன்மைகளே. ஆயினும் பெயரில் உள்ள இன்வர்ட்டர் என்ற சொல்லையும் சத்தத்தின் தணிவையும் நம்பி, இதையும் வீட்டுக்குள் வைக்கலாம் என்று எண்ணிவிட்டால், அதைவிடப் பெரிய விபரீதம் வேறில்லை.

காரணம், அதன் புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் ஒட்டிக்கொள்வதால், மூச்சு தடையின்றி நடந்துகொண்டிருக்கும்போதே உடல் பிராணவாயு இல்லாமல் தவிக்கத் தொடங்குகிறது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று ஆரம்பிக்கும் அந்தத் தவிப்பை, மழைக்காலக் காய்ச்சலென்றோ பித்தமென்றோ எண்ணிப் படுத்தவர்கள் எழுந்திருப்பதில்லை. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைத் தாக்கிய லாரா சூறாவளியில், காற்றுக்குத் தப்பிப் பிழைத்த பலர், பின்னர் வீட்டில் ஓடிய ஜெனரேட்டரின் புகைக்கு இரையானார்கள். வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்கும்படி வைக்கவேண்டும் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இடைவிடாது எச்சரித்து வருகிறது.

இருபது அடி என்பதை நம் வீடுகளின் அமைப்போடு பொருத்திப் பார்த்தால்தான் சங்கடம் விளங்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று நீண்டு செல்லும் பழைய தஞ்சாவூர் வீட்டில், புயலும் மழையும் அடிக்கும் இரவில் இயந்திரம் நனையக்கூடாதே என்ற கவலையில், மேலே வானம் தெரிகிறதே என்ற தைரியத்தோடு அதை முற்றத்துத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து வைக்கத் தோன்றும். முற்றம் வானத்தைப் பார்த்திருப்பினும் நான்கு புறமும் அறைகள் சூழ்ந்தது. அங்கே எழும் புகை, மேலே போவதற்கு முன் கூடத்துக்குள் புகும். ரேழி அதைவிட மோசம். இக்காலத்து மாடி வீட்டின் படிக்கட்டடியும், கார் நிற்கும் போர்ட்டிகோவும், இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு இடையே உள்ள சந்தும் அப்படியே; சந்தில் வைத்தால் பக்கத்து வீட்டுச் சன்னல் வழியாக அந்தப் புகை, பாவம், நம்மை நம்பி உறங்கும் அயலாரிடம் போகும். வைப்பதற்கு உரிய இடம் கொல்லை ஒன்றே: நாலு பக்கமும் திறந்த, மேலே மட்டும் தகரம் வேய்ந்த, தண்ணீர் தேங்காதபடி உயர்த்திய ஒரு மேடை. அந்த இடம் இல்லாத வீட்டார் ஜெனரேட்டர் வாங்கவே கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். அவர்களுக்குப் பாட்டரி இன்வர்ட்டரே தக்கது.

இன்னொரு விஷயம். கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. விஷவாயு ஏறிய இரத்தத்தை அந்தச் சாதாரணக் கருவி பிராணவாயு நிறைந்த இரத்தமென்றே காட்டக்கூடும். அதை நம்பித் தாமதிக்கலாகாது. மயங்கியவரை உடனே வெட்டவெளிக்குக் கொண்டுவந்து, 108ஐ அழைத்து, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

இனி, நம் வீட்டுக்கு வெளியே இருக்கும் ஓர் உயிரைப் பற்றி. கஜாவுக்குப் பின் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள், சேற்றில் நின்று, வயலின் நடுவே கம்பம் நட்டு, இராப்பகலாகக் கம்பி இழுத்தார்கள். அப்படி ஒருவர் உயிரற்ற கம்பி என்று நம்பிக் கைவைத்திருக்கும் சமயத்தில், தெருக்கோடி வீட்டார் ஒருவர் இருபுறமும் பிளக் மாட்டிய வயரால் ஜெனரேட்டரைச் சுவரிலுள்ள பிளக் பாயின்டில் சொருகினால், அந்த மின்சாரம் மீட்டர் வழியே பின்னோக்கிப் பாய்ந்து, தெருக் கம்பியை அடைந்து, டிரான்ஸ்ஃபார்மரில் புகுந்து மறுபுறம் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து வெளிவரும். நம் வீட்டு மின்விசிறியைச் சுழற்றுவதற்காகச் செய்த காரியம், நமக்கு மின்சாரம் கொடுக்க வந்தவரையே கொன்றுவிடும். இதற்குப் பரிகாரம் எளியது: வாரிய மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒருபோதும் சந்திக்க முடியாதபடி பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, நியூட்ரலும் சேர்ந்து மாறும் வகையில் பொருத்துவதும், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும். அது இல்லாதவரை, தேவையான சாதனத்தை நேரடியாக ஜெனரேட்டரிலேயே சொருகிக்கொள்வது நலம்.

எத்தனை பெரியது வேண்டும் என்ற கேள்விக்கு, கடைக்காரர் காட்டும் மிகப் பெரிய எண் விடையாகாது. ஓடும்போது எவ்வளவு, கிளம்பும்போது எவ்வளவு என்று இரண்டு கணக்கு உண்டு. அரை குதிரைசக்தி மோட்டாரின் திறன் ஏறத்தாழ 373 வாட். அது இழுக்கும் மின்சாரம் அதைவிடச் சற்று அதிகம், கிளம்பும் கணத்திலோ பல மடங்கு. குளிர்பெட்டியும் அப்படித்தான். பழைய மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட், எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்கு 10 வாட் என்று எழுதிக் கூட்டிப் பார்த்தால், நாலு விசிறி, ஆறு விளக்கு, குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு 2 கிலோவாட் இயந்திரம் பெரும்பாலும் போதும். தண்ணீர் மோட்டாரை மட்டும் மற்றவற்றை நிறுத்திவிட்டுப் போடவேண்டும். விளம்பரத்தில் உள்ள எண் கிலோவாட்டா, கே.வி.ஏ.யா, தொடர்ந்து தரும் திறனா, கணநேர உச்சமா என்று கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை. சம்பாப் பயிருக்கு நீர் இறைக்கும் மூன்று முனை பம்புசெட்டை இந்தச் சிறு இயந்திரம் ஓட்டும் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் எதுவும் வாங்காதீர்கள். குளிர்பெட்டியில் இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கும், பிராணவாயுக் கருவியை நம்பி ஒரு முதியவர் கிடக்கும் வீட்டுக்கும் இந்தக் கணக்கில் முதலிடம் தரவேண்டும்.

2 கிலோவாட் இயந்திரம் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதனால் புயல் அறிவிப்பு வந்ததும் பிளாஸ்டிக் கேன்களோடு பங்குக்கு ஓடுவது நம்மவர் வழக்கம். 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல், உரிமமின்றி ஒருவர் வைத்துக்கொள்ளத்தக்கது 30 லிட்டர் வரையே. அதுவும் 25 லிட்டருக்கு மேற்படாத, இறுக மூடிய உலோகப் பாத்திரத்தில். கண்ணாடியாயின் ஒரு லிட்டர். சூடான எஞ்சினில் எண்ணெய் ஊற்றக்கூடாது. அணைத்து, ஆறவிட்டு ஊற்றவேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், ஈரக்காற்று மிகுந்த நம் பிரதேசத்தில் அது நீரை உறிஞ்சிக் கெட்டு, கார்புரேட்டரை அடைத்துவிடும். கார்த்திகை, மார்கழி கழிந்ததும் டாங்கியை வடித்து உலர்த்திவைக்காதவர்களின் இயந்திரம் அடுத்த ஐப்பசியில் கயிற்றை எத்தனை இழுத்தாலும் கிளம்பாது.

வாங்கிய பொருள் குறையுள்ளதாக இருந்தால் என்ன செய்வது? ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வாசகத்தைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்க மறுப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் கண்ட காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் நியாயமற்ற வணிகமுறை என்கிறது. அதைவிட முக்கியமாக, சரியான உபயோக விளக்கமும் அபாய எச்சரிக்கையும் போதிய அளவில் தரப்படாததால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், உற்பத்தியாளரே அதற்குப் பொறுப்பாளி என்றும் சொல்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால், இரண்டாண்டுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரிலேயே கேட்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பில்லும், கடையின் முத்திரையிட்ட உத்தரவாதச் சீட்டும், இயந்திரத்தின் வரிசை எண்ணும் கையில் இருக்கவேண்டும். லாப நோக்கோடு கல்யாண மண்டபத்துக்கோ அரிசி ஆலைக்கோ வாங்கியவருக்குப் பொதுவாக இந்தச் சட்டம் துணை வராது என்பதால், பில்லை யார் பெயரில் போடுவது என்பதிலும் கவனம் தேவை.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் ஜெனரேட்டரின் ஒலித்திறன் 86 டெசிபெலுக்கு மேற்படலாகாது என்பது 2003 முதல் உள்ள விதி. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை அனுமதிக்கப்பட்ட ஒலி அளவு 45 டெசிபெல் மட்டுமே என்பதையும், சுவருக்கு அப்பால் கைக்குழந்தை உறங்குகிறது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இவ்வளவு செலவும் ஜாக்கிரதையும் நமக்கு ஏன் வந்தன என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. 2020ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகள், இருபத்து நான்கு மணி நேர மின்சாரத்தை வழங்குவது விநியோக நிறுவனத்தின் கடமை என்கின்றன. புயல், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தில் மின்தடையை நீக்குவதற்கான காலக்கெடுவுக்கு விலக்கு உண்டு. ஆனால் புயலடிக்காத சித்திரையிலும் நாள்தோறும் மூன்று மணி நேரம் கரண்ட் போகிறதென்றால், அதை விதியென்று ஏற்று ஜெனரேட்டர் கடைக்குப் போகவேண்டியதில்லை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்து, கிடைக்கும் புகார் எண்ணைத் தேதியோடு குறித்து வைக்க வேண்டும். பிரிவு அலுவலகத்தில் தீராததை மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அங்கும் தீராததைச் சென்னையிலுள்ள மின்குறை தீர்ப்பாளருக்கும் கொண்டுசெல்லலாம் என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமே வழிவகுத்திருக்கிறது. தெருவில் பத்து வீட்டார் தனித்தனியே பதிந்த புகார் எண்களை ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அம்மன்றத்தின் முன் வைத்தால், அது வெறும் மனக்குறையாக நில்லாமல் சாட்சியமாகிவிடும். அந்தத் தாளின் நகலொன்றைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பெட்டியின் கதவில், உள்புறமாக ஒட்டிவைக்கலாம்.